முதலில் குடையை எடுங்கள், பொக்லைன் அப்புறம்

கேள்வி: கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் அப்பச்சி எனக்கு எழுதி வைத்த 3 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. அதில் அரை ஏக்கருக்கு ஒரு குட்டை. சிறுபிள்ளையில் அப்பச்சி என்னைக் கூட்டிப்போய் அங்கே தூண்டில் போடுவார். ஏதோ ஒரு இரையைத் தேக்கிலையில் பொதிந்து வைத்திருப்பார். சாப்பிட உட்காரும்போதுகூட அந்த வாசம் அவர் கையில் இருக்கும். இப்போது குட்டை முழுக்கச் சீமைக்கருவேலம். மழை பெய்தால் கணுக்கால் அளவு நின்று 10 நாளில் காய்ந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். பேரப்பிள்ளைகளோடு அந்தக் கரையில் உட்கார வேண்டும், நாலு மீன் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பொக்லைன்காரர் 15 அடி தோண்டி, போர் போட்டு நிரப்பிவிடலாம் என்கிறார். செய்யலாமா? கொக்கும் நீர்க்காகமும் மீனைத் தின்றுவிடாதா? அப்பச்சி வைத்திருந்த இரை என்னவாக இருக்கும்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: ஆச்சி, நானும் தேவகோட்டைப் பக்கத்துக்காரன்தான். ‘அன்புள்ள வாசகிக்கு’ என்று தொடங்கக் கை வரவில்லை.

பொக்லைன்காரருக்கு இப்போதைக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அவருக்கு மணிக்கணக்கில் கூலி. ஆழம் கூடினால் அவருக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் தோட்டத்துக் குட்டையை ஆசை ஆசையாக 14 அடி தோண்டினேன். 9 அடிக்குக் கீழே வாளியில் மஞ்சளும் சிவப்புமாய், தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக ஒரு கல் வந்தது. செம்புறாங்கல். ‘அடடா, படிக்கட்டுக்கு ஆகுமே’ என்று சந்தோஷப்பட்டேன். ஐப்பசி மழையில் குட்டை தளும்பியது. ஊரே வந்து பார்த்தது. பொங்கலுக்கு முழங்கால் அளவு நின்றது. தைப்பூசத்துக்கு அடியில் கிடந்த செருப்பு தெரிந்தது.

நம் சீமையில் மேலே வண்டல், அதன் கீழே களி, அதற்கும் கீழே சரளையும் செம்புறாங்கல்லும் என்று இருப்பது சகஜம். அந்தக் களிதான் குட்டையின் அடித்தட்டு. அதைக் கிழித்துவிட்டால் தண்ணீர் நிற்காது. பிறகு நான் வெளியிலிருந்து களிமண் அடித்து, ஒரு அடி கனத்துக்குப் பரப்பி, கோடை மழையில் நனைந்ததும் மாட்டுக்கிடை போட்டு மிதிக்கவிட்டேன். மறுபடி தண்ணீர் நிற்க 2 வருஷம் ஆனது.

அதனால் தோண்டுவதற்கு முன்னால் குட்டையின் நடுவில் ஆள் வைத்து ஒரு சோதனைக் குழி வெட்டுங்கள். கறுப்பு வண்டல் முடிந்து பிசுபிசுப்பான மண் தொடங்கும் இடத்தில் ஒரு பிடி எடுத்து, லேசாக நனைத்து, உள்ளங்கையில் வைத்து முறுக்குப் பிழிந்த கனத்துக்கு உருட்டுங்கள். அதை மோதிரம் போல வளையுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் அதுதான் களி. அங்கே நிறுத்திவிட வேண்டும். மேலே இருக்கும் வண்டலை மட்டும் வழித்து உங்கள் தோட்டத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், தென்னைக்கும் வாழைக்கும் அது பொன்னுக்குச் சமம். வெளியே விற்க நினைத்தால் கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் லாரி ஏற்றாதீர்கள்.

ஆனால் உங்கள் குட்டை காய்வதற்கு இது காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். யாரும் தோண்டாத குட்டைதானே? மழை பெய்தும் கணுக்கால் அளவுதான் நிற்கிறது என்றால், தண்ணீர் வந்து சேரவே இல்லை. குட்டைக்கு மழைத் தண்ணீரைக் கொண்டு வரும் வரத்துக்கால் எங்கே ஆச்சி? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அரை ஏக்கரில் சராசரி 5 அடி தண்ணீர் என்றால் சுமார் 30 லட்சம் லிட்டர். குட்டைக்கு மேட்டுப்பக்கம் 10 ஏக்கர் நிலம் இருந்து, அதில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் 40 லட்சம் லிட்டர் விழுகிறது. முக்கால் பங்கை மண் குடித்துவிட்டு, கால் பங்கு ஓடி வந்தாலும் 10 லட்சம். அப்படி 3 மழை போதும், குட்டை நிரம்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு அது கிடைக்காத மழையா? இதையே போர் போட்டு நிரப்பப் பாருங்கள்: மணிக்கு 10,000 லிட்டர் தருகிற நல்ல போரானாலும் 300 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். போரை வேண்டாம் என்று சொல்லவில்லை. வைகாசியில் மீன் தவிக்கும்போது நாலு நாள் விட உதவும், அதுவும் குழாயை உயரத் தூக்கி, தண்ணீர் சிதறி விழும்படி விட்டால்.

முதல் நல்ல மழையன்று குடையைப் பிடித்துக்கொண்டு, குட்டையிலிருந்து மேட்டைப் பார்த்து நடங்கள். தண்ணீர் எங்கே திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்று அன்றைக்குத் தெரிவது போல வேறு எந்த நாளும் தெரியாது. பெரும்பாலும் சாலையை உயர்த்தியபோது சின்னப் பாலத்தின் குழாய் புதைந்திருக்கும். அல்லது யாராவது வேலி போட்டு, வரப்பை அகலமாக்கியிருப்பார்கள். சர்வே எண்ணின் புலப்படத்தை வாங்கிப் பார்த்தால் பழைய வாய்க்கால் கோடு தெரிந்தாலும் தெரியலாம். வாய்க்கால் புறம்போக்கில் போனால் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு. பங்காளி நிலத்தில் போனால் மனு எல்லாம் வேண்டாம். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, ‘அப்பச்சி காலத்து வாய்க்கால், கொஞ்சம் திறந்துவிட்டால் உங்கள் கிணற்றுக்கும் ஊறும்’ என்று போய்ச் சொல்லுங்கள். ஊறும் என்பது பொய்யும் இல்லை.

வரத்துக்கால் குட்டையில் இறங்கும் இடத்துக்கு முன்னால் 6 அடிக்கு 6 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். மண் அதில் தங்கும், வருஷம் ஒரு தடவை அள்ளினால் போதும். கலுங்கை மறந்துவிடாதீர்கள். நிறைந்த தண்ணீர் எந்தப் பக்கம் போய் எந்தக் கண்மாயில் சேர்ந்ததோ, அங்கேயே போக வேண்டும். நம் ஊர்களில் ஒரு குட்டையின் மிச்சம் அடுத்ததற்கு வரவு. அதை மறித்தால் ஊர்ப் பேச்சு உங்களைக் கரையில் உட்கார விடாது.

பட்டா, எந்த நிலம் எந்த வகை என்று சொல்லும் அ-பதிவேடு இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். செட்டிநாட்டு நகரத்தார் தருமத்துக்கு வெட்டிய ஊருணிகள் எத்தனையோ இன்று புறம்போக்கில் இருக்கின்றன. உங்களுடையது அப்படி இருந்தால் எழுதுங்கள், அது வேறு பதில்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். இதற்குத்தான் பொக்லைன். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் பேசினால் மரத்தை எடுத்துக்கொண்டு செலவில் கொஞ்சம் கழிப்பார்கள். சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிடுங்கள். கரைச் சரிவு 1 அடி உயரத்துக்கு 2 அடி ஓட்டமாக இருக்கட்டும், செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரியும். கரையில் வெட்டிவேரும் அருகும் போதும், ஓரமாகப் பனங்கொட்டை ஊன்றுங்கள். ஆலும் அரசும் கரையில் வேண்டாம், வேர் கரையைத் துளைக்கும். சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் விரிப்பும் எனக்குப் பிடிக்காது. பேரப்பிள்ளைகள் இறங்கும் பக்கம் மட்டும் செம்புறாங்கல் படி கட்டி, கடைசிப் படிக்கு அப்புறம் 10 அடிக்கு ஆழம் இல்லாத மேடையாக விடுங்கள். அதைத் தாண்டி ஒரு கயிறு. சின்னப் பிள்ளை தனியாகக் கரைக்குப் போகக் கூடாது என்பதில் மட்டும் செல்லம் கொடுக்காதீர்கள்.

மீனுக்கு வருவோம். நம் வெயிலில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகும். மாசியிலிருந்து ஆனி வரை காற்றிலேயே 3 அடி போய்விடும். தையில் 6 அடி நின்றால் ஆனியில் 3 அடி. சில வருஷம் முழுக்கவே வற்றும். வற்றட்டும். தரை வெடித்துக் காய்வது குட்டைக்கு நல்லது. சிங்கம்புணரி, திருப்பத்தூர்ப் பக்கம் கண்மாய் வற்றும்போது ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஊர்கூடி இறங்குவதில்லையா? அது போலச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பிடித்துக் குழம்பு வையுங்கள்.

குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் நீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். செம்புறை மண்ணில் புளிப்பு இருக்கும், அரை ஏக்கருக்கு 50 முதல் 100 கிலோ சுண்ணாம்பு தேவைப்படலாம். தண்ணீர் நின்றதும் 400 கிலோ மக்கிய சாணம் கரைத்து விடுங்கள். இரண்டு வாரத்தில் தண்ணீர் இளம்பச்சை ஆகும். கையை விட்டுப் பாருங்கள்: முழங்கை வரை போனதும் உள்ளங்கை மறைந்தால் சரியான பச்சை. மணிக்கட்டு மூழ்கும் முன்பே மறைந்தால் சாணம் அதிகம், உடனே நிறுத்துங்கள். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தாலும் அதே சங்கதிதான், மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

வியாபாரம் இல்லை என்பதால் 600 குஞ்சு போதும்: மேலே மேய்கிற கட்லா 180, நடுவில் ரோகு 240, அடியில் மிர்கால் 180. விரல் நீளத்துக்குக் குறையாத குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள், பொடிக்குஞ்சு விராலுக்குப் பலகாரம். விராலும் கெளுத்தியும் நீங்கள் விட வேண்டாம், மழைத் தண்ணீரோடு அவையே வரும். குஞ்சு வந்த பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, தாமாக நீந்திப் போக விடுங்கள். ஜிலேபிக் கெண்டை வேண்டவே வேண்டாம். குஞ்சு பொரித்துக் குஞ்சு பொரித்து, ஒரு வருஷத்தில் உள்ளங்கை அகல மீன் மட்டும்தான் மிஞ்சும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது விலை குறைவு என்று நீட்டினால் வாங்காதீர்கள், அது தடை செய்யப்பட்ட மீன்.

கொக்கும் நீர்க்காகமும் தின்னும்தான். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பக்கத்து ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. உங்களுக்கு வருஷத்துக்கு 50 மீன் குறைந்தால் என்ன? நடுவில் நாலு கட்டுப் பனை மட்டையை மூழ்க வையுங்கள், குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். காலையில் நீங்கள் போய் உட்காரும்போது பார்க்க ஏதாவது வேண்டாமா?

இரை விஷயத்துக்கு வருகிறேன். தேக்கிலை, கையை விட்டுப் போகாத வாசம் என்றதும் எனக்குத் தோன்றியது பெருங்காயம். எங்கள் ஐயாவும் அப்படித்தான் செய்வார். தவிட்டை வாசம் வர வறுத்து, அதில் பாதி அளவு கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துப் பிசைந்து, கட்டிப் பெருங்காயத்தைக் கரைத்து ஒரு கரண்டி ஊற்றி, சுண்டைக்காய் அளவு உருட்டுவார். ரோகுவும் மிர்காலும் இதற்கு வரும். கெளுத்திக்கு மண்புழு. தக்கைக்கு மயிலிறகுத் தண்டு ஒரு சாண் நறுக்கிக்கொள்ளுங்கள். ரோகு தொட்டால் தக்கை இரண்டு தடவை நடுங்கிவிட்டுச் சாய்ந்து நகரும், அப்போது சுண்ட வேண்டும். நடுங்கும்போதே இழுத்தால் இரை மட்டும் போகும். பேரப்பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க நடுங்கும்போதே இழுப்பார்கள், விடுங்கள். உருண்டையை நீங்களே பிசையுங்கள் ஆச்சி. சோப்புப் போட்டாலும் 2 நாளைக்குக் கையில் இருக்கும். அதுதான் அப்பச்சி கையில் இருந்த வாசமா என்று முகர்ந்து பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.