தூக்கிப் போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. காவிரிப் படித்துறைக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வீடு. ஆனாலும் ஆடிப்பெருக்கு அன்றுகூட இரண்டாம் படிக்குக் கீழே இறங்கியதில்லை. சிறுவயதில் என் மாமா, "தானாக நீந்திவிடுவாள்" என்று என்னை ஆற்றில் தூக்கிப் போட்டார். மூச்சுத் திணறி மேலே வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இன்றும் நீரைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது. இந்த வயதில் நீச்சல் கற்க முடியுமா? நீச்சல் குளமா, ஆறா? உடையை நினைத்தாலும் தயக்கம். என் 9 வயது மகனை இந்த ஆடியில் ஆற்றில் போட்டுப் பழக்கிவிடலாம் என்கிறார் மாமனார். பெரியவர் சொல்கிறாரே என்று சம்மதித்துவிட்டேன்.

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த நடுக்கத்தைச் சுமக்கிறீர்களோ, அதையே பெற்ற பிள்ளைக்கும் கொடுக்கச் சம்மதித்திருக்கிறீர்கள். பெரியவர் சொன்னால்? உங்கள் மாமாவும் பெரியவர்தானே!

சென்ற வாரம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு மதகின் மேலிருந்து ஒரு சிறுவனை இப்படித்தான் தள்ளினார்கள். அவன் இருமிக்கொண்டு கரையேறியதும், "பார், கற்றுக்கொண்டான்" என்றார் ஒருவர். அவன் கற்றுக்கொண்டது நீச்சல் அல்ல. தன்னைப் பிடித்திருக்கும் கை எந்த நேரமும் விட்டுவிடும் என்பதைத்தான்.

இதை நான் விடப்போவதில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோரின் உடல் தானாகவே மிதக்கும். பயந்தவனால் அந்தக் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. அவன் தலையை நீருக்கு மேலே தூக்கப் பார்ப்பான். தலை மேலே போகப் போக இடுப்பும் கால்களும் கீழே இறங்கும். கையால் நீரை அடிப்பான். கூப்பிட வாய் திறந்தால் நீர்தான் உள்ளே போகும். நீரில் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை. கரையில் நிற்பவர்கள் பையன் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். தூக்கிப் போட்டும் பிழைத்தவர்கள் கதை சொல்ல இருக்கிறார்கள். பிழைக்காதவர்களின் கதையை யார் சொல்வது?

என் அத்தை குடமுருட்டிக் கரையில் வாழ்க்கைப்பட்டவள். எங்களைக் கடைசிப் படியில் உட்காரவைத்து, முகவாய் நனையும் வரை குனியச் சொல்வாள். பிறகு வாயை நீருக்குள் வைத்து மூச்சை ஊதச் சொல்வாள். குமிழி வரும், நாங்கள் சிரிப்போம். பல நாள் அதுவேதான் பாடம். மூச்சு வசப்பட்ட பிறகே முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டுவாள். அப்போதும் அவள் உள்ளங்கை எங்கள் வயிற்றின் கீழ் இருக்கும். "கையை எடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுப்பாள். சொல்லாமல் ஒருபோதும் எடுத்ததில்லை. சின்ன வயதில் அவள் அக்கரைக்கு நீந்திப் போய் வந்தவள் என்பார்கள். நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இடுப்பளவு நீரைத் தாண்ட அவளுக்கு அனுமதி இல்லை. எங்கள் எல்லோரையும் நீந்தவிட்டு, அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நம் படித்துறைகளில் பெண்கள் குளிப்பார்கள், துவைப்பார்கள், விளக்கு விடுவார்கள். வயதுக்கு வந்த பெண் நீந்தினால் மட்டும் ஊருக்குப் பொறுக்காது. அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆறும் முன்பு போல் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவதுதான் வழக்கம். மழை பொய்த்த ஆண்டுகளில் திறப்பது தள்ளிப்போகிறது. பிள்ளைகள் மாதக்கணக்கில் வெறும் மணலைப் பார்த்து வளர்கிறார்கள். பிறகு ஒரே நாளில் கரை முட்ட நீர் வருகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடப்பவன் அடுத்த அடியில் ஆளையே விழுங்கும் குழிக்குள் போய்விடுவான். ஆகவே, குளமா ஆறா என்பது ஒரு கேள்வியே இல்லை. பயிற்சியாளர் இருக்கும் குளத்தில், கால் தரையில் ஊன்றும் ஆழத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது தொடங்குங்கள். வயதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அது ஒரு தடையே அல்ல. ஊதிப் பழகுவதற்குக் குளம்கூட வேண்டாம். ஓர் அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வீட்டிலேயே ஆரம்பிக்கலாம்.

உடல் முழுக்க மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. புடவையோடு மட்டும் இறங்காதீர்கள், காலைச் சுற்றிக்கொள்ளும். மாமனாரிடம் இன்றே பேசிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கோபம் என் மேல் திரும்பட்டும்.