ராத்திரி பத்தரைக்கு வரும் ‘சின்ன வேலை’

கேள்வி: எனக்கு 48 வயது. சிங்கப்பூர் துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 4,000 வெள்ளிக்கு (டாலருக்கு)க் கொஞ்சம் மேலே. புதிதாக வந்த மேலாளர் நம்ம தமிழ்ப் பையன்தான், என்னைவிட ரொம்பச் சின்னவர். மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் “அக்கா, ஒரு சின்ன வேலை” என்று வரும், பதில் போடாவிட்டால் மறுநாள் காலை குழுவில் எல்லோர் முன்னாலும் கேட்பார். என் அம்மாவுக்குச் செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்து வேலை பார்க்கட்டுமா என்று கேட்டால் “பார்க்கலாம்கா” என்கிறார், அத்தோடு சரி. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு வேறு. வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈசூன்

பதில்: எங்கே வைத்துக் கேட்டீர்கள் அம்மா? பேன்ட்ரியில் காபி கலக்கும்போதா, லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதா? வாய்வார்த்தையாகக் கேட்டால் “பார்க்கலாம்” என்பதே கடைசிவரை பதிலாக இருந்துவிடும். மின்னஞ்சலில் கேளுங்கள். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி விதிகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த எந்த ஊழியரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது போன்ற நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று அதில் இல்லை, செலவு கூடும், வேலை கெடும் என்று காட்டினால் மறுக்கலாம். ஆனால் “ஆள் கண்ணெதிரே இருந்தால்தான் எனக்குத் திருப்தி” என்பதோ “நம்ம கம்பெனியில் இந்தப் பழக்கமே இல்லை” என்பதோ காரணமாகாது.

கடிதத்தில் அம்மாவின் நோயை விவரித்து ஒரு பக்கம் எழுத வேண்டாம், இரண்டு வரி போதும். தேதி போடுங்கள், எந்த நாள்கள், எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன காரணம் என்று சொல்லுங்கள். அப்புறம் மேலாளர் மனதில் ஓடும் கேள்விக்கு அவர் கேட்பதற்கு முன்பே பதில் வைத்துவிடுங்கள்: “மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் மட்டும் ஐந்து நாளும் அலுவலகம் வந்துவிடுகிறேன், வீட்டிலிருக்கும் நாள்களில் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும் நேரம் தவிர மடிக்கணினி முன்னால்தான் இருப்பேன்.” நல்ல மேலாளராக இருந்தால், முழுக் கடிதத்திலும் அவர் மேலிடத்துக்கு எடுத்துக்கொண்டு போகப்போவது இந்த ஒரு வரியைத்தான்.

ராத்திரி செய்திகளுக்கு வருவோம், இங்கே சட்டம் உங்களுக்குப் பெரிதாகத் துணை வராது. வேலை நேரம், ஓவர்டைம் பற்றிய விதிகள் அலுவலக ஊழியர்களில் மாதம் 2,600 வெள்ளி வரை வாங்குபவர்களுக்குத்தான், நீங்கள் அந்த வரம்பைத் தாண்டியவர். வேலை முடிந்தபின் போனைத் தொடாமலிருக்கும் உரிமையை ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் சட்டப்படி நடப்புக்குக் கொண்டுவந்தது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஆகவே பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், இதுவரை ராத்திரி பத்தரைக்கும் உடனுக்குடன் பதில் போட்டுப் பழக்கியிருப்பீர்கள், அவரும் அதுதான் உங்கள் வேலை நேரம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அவருக்கும் மேலே ஒருவர் பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கலாம், யார் கண்டது.

பகலில், தனியாக, ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி நேரில் சொல்லுங்கள்: “தம்பி, நிஜமாகவே அவசரமென்றால் போன் பண்ணுங்க, எடுத்துப் பேசுறேன். மத்ததை நீங்க எப்போ அனுப்பினாலும் காலையில வந்ததும் முதல் வேலையா முடிச்சுடுறேன்.” சொன்னபடி காலையில் முதல் வேலையாக முடித்தும் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் போன் கூவும்போதெல்லாம் கை பரபரக்கும், விட்டுவிடுங்கள். குழுவில் கேட்டால் அங்கேயே வாதாடாமல் “காலையில் அனுப்பிவிட்டேன், பார்த்தீர்களா?” என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ஆட்குறைப்புப் பயம் நியாயமானதுதான், ஆனால் பத்தரைக்குப் பதில் போட்டவர் என்பதற்காக யாரையும் பட்டியலிலிருந்து எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பழைய வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து ஆட்குறைப்பு இழப்பீடு பற்றி என்ன இருக்கிறது என்று இந்த வாரமே படியுங்கள். ஒவ்வொரு வருட வேலைக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பதுதான் இங்கே வழக்கம், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உறுதியாகக் கேட்க முடியும். தொழிற்சங்க உறுப்பினராக இல்லையென்றால் அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: “நீயே ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேலைநீக்கம்” என்கிறார்கள். மூன்று வருடமாக இருக்கிறேன். எழுதிக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அங்கேயே உட்கார்ந்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். “வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்று எழுந்து வாருங்கள். யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கே அனுப்புங்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவும் தவறான வேலைநீக்கமாகக் கருதப்படலாம், ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்பதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். டாடெம் என்று சொல்கிறார்களே, வேலையிடப் பூசல்களுக்கான முத்தரப்புக் கூட்டணி, அங்கே புகார் கொடுக்க வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.