சேலத்து ஓடையெல்லாம் காவிரிக்குப் போவதில்லை

கேள்வி: வாழப்பாடிக்கு அருகே ஐந்து சென்ட் மனை பார்த்திருக்கிறோம். கைப்பேசி வரைபடத்தில் மனையை ஒட்டி மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரிகிறது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் சேலத்துக்கு வராமல் ஆத்தூர்ப் பக்கம் போகிறது. "சேலத்துத் தண்ணீர் காவிரிக்குத்தான் போகும். கோடு கிழக்கே போகிறது என்றால் வரைபடமே தப்பு. அங்கே இருப்பது பழைய வண்டிப்பாதை" என்கிறார் தரகர். யாரை நம்புவது?
- வாசகர், சேலம்

பதில்: வரைபடத்தை நம்புங்கள். தரகர் சொல்வதை ஊரில் பலரும் உண்மை என்றே நினைத்திருக்கிறார்கள். அவருக்கு அதுதான் வசதி.

சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகருக்குள் புகுந்து, நாமக்கல் மாவட்டத்து நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. சரபங்காவும் ஓமலூர், எடப்பாடி வழியாகக் காவிரிக்கே போகிறது. அதே மலையின் வடசரிவில் விழும் மழையோ வாணியாறாகித் தருமபுரி மாவட்டத்தில் இறங்கி, தென்பெண்ணையில் கலந்து, சாத்தனூர் அணையைக் கடந்து கடலூரில் கடலைத் தொடுகிறது. அரூர் பஸ்ஸில் மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டுகிறவர்கள் ஒரு நதியின் நிலத்தை விட்டு இன்னொரு நதியின் நிலத்துக்குள் போகிறார்கள்.

உங்கள் மனை இந்த இரண்டிலும் சேராது. வாழப்பாடி வசிஷ்ட நதியின் நிலம். புழுதிக்குட்டையில் ஆனைமடுவு அணை அந்த நதியின் மேல்தான் நிற்கிறது. ஆத்தூர், தலைவாசல் தாண்டி, சுவேத நதியோடு கூடி வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. நீங்கள் பிடித்த கோடு சரியான கோடு.

விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். திருமணிமுத்தாற்று நீர் காவிரியில் சேர்ந்து, முக்கொம்பில் கொள்ளிடத்துக்குப் பிரிந்தால், பிச்சாவரத்துக்குத் தெற்கே கடலை அடையும். வெள்ளாறு பிச்சாவரத்துக்கு வடக்கே அடைகிறது. நடுவில் அலையாத்திக் காட்டின் உப்பங்கழிகள் இரண்டு முகத்துவாரங்களையும் இணைக்கின்றன. சேலத்துக்கும் வாழப்பாடிக்கும் இடையே முதுகைத் திருப்பிக்கொண்டு பிரிந்த தண்ணீர் அங்கே போய் மறுபடி பார்த்துக்கொள்கிறது! இதைக் கண்ட அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய, வரைபடத்தில் இரண்டு ஓடைக்கோடுகள் சேரும் இடத்தைப் பார்த்து உண்டிக்கோல் கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கொம்பும் மேட்டுப்பக்கம், பிடி பள்ளத்துப்பக்கம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மேட்டூர் அணையின் உபரிநீரைத் திப்பம்பட்டியில் மோட்டார் வைத்து இறைத்து, சரபங்கா வடிநிலத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தின் முதற்கட்டம் 2021இல் தொடங்கியது. அங்கே தண்ணீர் குழாய் வழியே மேட்டுக்கு ஏறுகிறது. கவட்டைக் கணக்கு அங்கே செல்லாது. மோட்டார் நின்றால் தண்ணீரும் நிற்கும். அது மாவட்டத்தின் மேற்குக் கோடி, உங்கள் பக்கம் அல்ல. பிறகு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வண்டிப்பாதைக் கதை எடுபடாவிட்டால் தரகர் அடுத்து "அது குழாய்க்கோடு" என்பார்.

அவரிடம் கிராம வரைபடத்தைக் கேளுங்கள். வண்ணத்தில் அச்சடித்த மனைப்பிரிவுப் படத்தை நீட்டுவார். அதில் ஓடை '30 அடி சாலை' ஆகியிருக்கும். வில்லங்கச் சான்று சுத்தம் என்பார். அது பதிவான பத்திரங்களைச் சொல்லும், தண்ணீரைச் சொல்லாது. பட்டா இருக்கிறது என்பார். பட்டா உங்கள் புல எண்ணுக்கு இருக்கும், பக்கத்து எண் ஓடைப் புறம்போக்காக இருக்கும், உங்கள் வாசல் அதன் மேல் திறக்கும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தைக் காட்டி, "பாருங்கள், கறுப்புக் கோடு, பாதைதான்" என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் படத்தில் வறண்ட ஓடையைக் கறுப்பில்தான் வரைவார்கள்.

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அ-பதிவேட்டையும் (எந்தப் புல எண் பட்டா நிலம், எது புறம்போக்கு என்று சொல்வது) புலப்படத்தையும் (அந்த எண்ணின் அளவுப் படம்) நீங்களே எடுங்கள். உங்கள் எண்ணோடு நிறுத்தாமல் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். பத்திரம் பதிகிற இடத்தில் தாளைப் பார்க்கிறார்கள், மண்ணைப் போய்ப் பார்ப்பவர் யாருமில்லை. ஓடை எங்கே போகிறது என்று வாங்குகிறவனே அலைந்து கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இத்தனை அலுவலகங்கள் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு மனைக்குப் போகும் சாலையில் நடந்து பாருங்கள். இருபுறமும் முழங்கால் உயரக் கட்டைச்சுவரும் அடியில் குழாயும் இருக்கின்றனவா? வண்டிப்பாதைக்காக யாரும் சாலைக்கு அடியில் குழாய் பதிப்பதில்லை. சருகும் பிளாஸ்டிக் பையும் குழாயின் எந்த வாயை அடைத்து நிற்கின்றனவோ, அது தண்ணீர் வரும் பக்கம். மறுவாய்க்கு நேராக உங்கள் மனை இருந்தால், கொடுத்த முன்பணத்தை அன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.