காட்டேரி தலையாட்டக் கம்ப்யூட்டர் எதற்கு?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் விருதம்பட்டு. மயானக் கொள்ளைக்காக எங்கள் தெருப் பிள்ளைகள் காகிதக் கூழில் நாலடி உயரத்துக்குக் காட்டேரி பொம்மை செய்திருக்கிறார்கள். தலை மட்டும் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்ப வேண்டுமாம். ரிமோட், புரோகிராம் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். பழைய கார் வைப்பர் மோட்டாரே போதும் என்கிறார் தெரு மெக்கானிக். எது சரி? சின்னப் பிள்ளைகள் தொட்டால் ஷாக் அடிக்குமா என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

பதில்: அம்மா, இரண்டும் வேண்டாம். தலை பக்கவாட்டில் திரும்ப 12 வோல்ட் கியர் மோட்டார், அதாவது உள்ளேயே பற்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்த மோட்டார் ஒன்று போதும். வாங்கும்போது '10 ஆர்பிஎம்' என்று கேளுங்கள். நிமிடத்துக்குப் பத்துச் சுற்று, அதாவது தலை ஒரு முறை போய்த் திரும்ப ஆறு விநாடி. பயமுறுத்துவது அந்த நிதானம்தான். வைப்பர் மோட்டார் இதைப் போல நாலு மடங்கு வேகத்தில் சுற்றும். அதை மாட்டினால் காட்டேரி 'மாட்டேன், மாட்டேன்' என்று தலையாட்டுவது போல இருக்கும். கரன்டையும் அள்ளிக் குடிக்கும்.

வேக மோட்டாரை வாங்கி ரெகுலேட்டர் வைத்துக் குறைத்துக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். வோல்டேஜைக் குறைத்தால் வேகத்தோடு இழுக்கும் பலமும் போய்விடும். தலை பாதியில் நிற்கும், மோட்டார் சூடேறிக் கருகும்.

அந்த 18,000 ரூபாய்க்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கடைசி ஆண்டு பிராஜெக்டைப் பெட்டியில் போட்டு விற்கிற ஏஜென்டுகள் இப்போது திருவிழாப் பக்கமும் வந்துவிட்டார்கள். சென்ற ஆண்டு ஒரு தெருவிலிருந்து பொம்மையை என்னிடம் தூக்கி வந்தார்கள். கழுத்தைப் பிரித்தால் உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சர்வோ மோட்டார் (புரோகிராம் சொல்கிற கோணத்துக்குத் திரும்புகிற மோட்டார்), மேலே இரண்டு கிலோ தலை. யாரோ ஒரு பையன் தலையைக் கையால் திருப்பியிருக்கிறான். மோட்டாருக்குள் இருக்கும் பற்சக்கரத்தின் பிளாஸ்டிக் பற்கள் நான்கு மழுங்கி, வெள்ளைத் தூளாகக் கொட்டிக் கிடந்தன. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. நாலு வருடம் இன்ஜினியரிங் படித்த பிள்ளை, ஸ்குரூ டிரைவரைத் தொடாமலே விலைக்கு வாங்கிய பிராஜெக்டுக்கு மார்க் வாங்கி வெளியே வருகிறான். கேட்பார் இல்லை. அந்த வியாபாரம்தான் இப்போது உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். எடையை மோட்டார் தாங்கவே கூடாது, இதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். தாங்குவதற்குச் சைக்கிள் கடையில் பழைய முன்சக்கர ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம் ஒன்று வாங்குங்கள். அதன் அச்சைத் தோள்பட்டைப் பலகையில் நட்டுப் போட்டு நிறுத்துங்கள். மேல் விளிம்பில் இருக்கும் ஸ்போக் துளைகளில் கம்பி கோத்துத் தலையின் அடிப்பலகையைக் கட்டுங்கள். ஹப்புக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகள் மேல் தலை வழுக்கிக்கொண்டு திரும்பும். விரலால் தள்ளினாலே போதும்.

அடுத்தது, சுற்றுவதை ஆட்டமாக மாற்றுவது. தையல் மிஷினில் கால்மிதி ஆடுகிறது, அதை ஒரு கம்பி இழுத்துச் சக்கரத்தைச் சுற்றுகிறது. இங்கே அதையே தலைகீழாகச் செய்கிறோம். மோட்டாரைப் பொம்மையின் மார்புக்குள், அச்சு மேலே பார்க்கும்படி நிறுத்துங்கள். அதன் அச்சில் ஒரு சின்னத் தகடு, மையத்திலிருந்து 1 சென்டிமீட்டரில் ஒரு துளை. ஹப்பின் கீழ் விளிம்பில் ஒரு மரக்கட்டை, கழுத்து மையத்திலிருந்து 3 சென்டிமீட்டரில் ஒரு துளை. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் துண்டால் இணையுங்கள். தலை ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 20 பாகை திரும்பும். ஸ்கேல் ஏன் என்றால், எந்தப் பையனாவது தலையைப் பிடித்து முறுக்கினால் பத்து ரூபாய் ஸ்கேல்தான் உடையும், மோட்டாரின் பற்கள் தப்பிக்கும்.

இன்னொன்று. ஸ்கேலின் ஒரு முனையில் வட்டத் துளைக்குப் பதிலாக அரை சென்டிமீட்டர் நீளத்துளை போடுங்கள். தலை ஒவ்வொரு ஓரத்துக்கும் போனதும் ஒரு கணம் அப்படியே நிற்கும், அப்புறம்தான் திரும்பும். அந்த நிற்றலில்தான் பெரியவர்களே ஒரு அடி பின்வாங்குவார்கள். ஆட்டம் சற்றுக் குறையும், பரவாயில்லை. ஓரத்தில் நிற்காமல் தலை வழுக்கிக்கொண்டு ஓடினால் ஹப்பின் கோனை, அதாவது குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

இனி உங்கள் பயம். பொம்மைக்குள் 230 வோல்ட் போகவே கூடாது. அடாப்டர் வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில். உள்ளே வருவது 12 வோல்ட் மட்டும். அதைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆபத்து மட்டமான அடாப்டரில்தான். அதற்குள் மின்காப்பு சரியில்லை என்றால் 230 வோல்ட்டே 12 வோல்ட் ஒயருக்கு வந்துவிடும். நல்ல அடாப்டரில் தர முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடுகிறார்கள். நூறு ரூபாய்ப் பொருளுக்கு வாங்குகிறவர்தான் போலீஸ் வேலையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பந்தலுக்குக் கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். தற்காலிக இணைப்புக்கு அலைய விடுகிறார்கள், தெரியும். என்றாலும் கொக்கி வேண்டாம்.

பொம்மை பந்தலோடு நின்றால் இவ்வளவு போதும். ஆனால் ஊர்வலத்தில் டிராக்டரில் ஏறிப் பாலாற்றுக்குப் போகும் என்றால் கதை வேறு. ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுக்க வேண்டாம், டிராக்டர் பேட்டரியே 12 வோல்ட்தான். எஞ்சின் ஓடும்போது 14 வரை ஏறும், தலை சற்று வேகமாகத் திரும்பும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வேறு. அடாப்டரில் ஒயர் ஒன்றோடொன்று உரசினால் அடாப்டர் தானே அடங்கிவிடும். பேட்டரி அடங்காது. நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், ஒயர் பழுத்துக் காகிதக் கூழில் தீப்பிடிக்கும். அதனால் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 2 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டே ஆக வேண்டும். பொம்மைப் பக்கம் போட்டால் பயனில்லை, நடுவில் இருக்கும் ஒயரை அது காப்பாற்றாது. இரும்பு விளிம்பைத் தாண்டும் இடங்களில் ஒயரின் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். குலுக்கலில் நட்டு கழலும், எல்லாவற்றுக்கும் லாக் நட்டு போடுங்கள்.

முதல் நாள் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் கோன் அதிகம் இறுகியிருக்கிறது. கால் சுற்று தளர்த்தி மறுபடி ஓடவிடுங்கள்.