சந்தா கட்டாதவருக்கும் சங்கம் வேண்டும்: பணி விதி கேள்வி–பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி தற்காலிகப் பணிநீக்கம் பற்றியவை, கால்வாசி மாறுதல். வழக்கமாகச் சொல்வதையே மறுபடி சொல்கிறேன்: மத்திய அரசா மாநில அரசா, எந்தத் துறை, உத்தரவில் என்ன தேதி. இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு சோழி உருட்டித்தான் பதில் எழுத வேண்டும். நான்கு கடிதங்களை அப்படியே எடுத்து வைத்துவிட்டேன்.

மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். சஸ்பெண்ட் ஆகி ஐந்து மாதம். சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) இன்னும் வரவில்லை. 90 நாள் தாண்டினால் தானாக ரத்து என்கிறார்களே? – கே.எஸ்., மதுரை

உங்கள் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 90 நாளுக்குள் மறுஆய்வுக் குழு கூடி, நீட்டிப்பு உத்தரவு போட்டார்களா? போடவில்லை என்றால் சிசிஏ (மத்திய ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை) விதி 10-ன்படி அந்த சஸ்பென்ஷன் செல்லாது. போட்டிருந்தால் 2015-ல் வந்த அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பை வைத்துக் கேட்கலாம். மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டு தராமல் இழுக்கக் கூடாது என்றது அது. ஆனால் நீதிமன்றங்கள் அதை எல்லா வழக்கிலும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. யாரோ சொன்னார்கள் என்று திங்கட்கிழமை காலை போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் மனு. அதன் நகலில் தேதி முத்திரையோடு ஒப்புகை.

பிழைப்பூதியம் (சஸ்பென்ஷன் காலத்தில் தரும் தொகை) வருகிறதா என்று நீங்கள் எழுதவே இல்லை. வேறு வேலை பார்க்கவில்லை என்ற சான்றை மாதாமாதம் கொடுத்து வாங்குங்கள். பிழைப்பூதியத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்து நிர்வாகம் விசாரணையை நடத்தினால் விசாரணையே அடிபட்டுப்போகும். பால் அந்தோணி வழக்கில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கேட்டு எம்.எல்.ஏ.விடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். மனுவோடு இணைக்கலாமா? – பி.ஆர்., திருவாரூர்

கூடாது. மத்திய ஊழியர் என்றால் நடத்தை விதி 20-ஐப் படியுங்கள். மாநிலம் என்றாலும் வெளிச் செல்வாக்கு கொண்டுவருவது தவறுதான். உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க நீங்களே ஆவணம் தயாரித்துக் கொடுக்கிறீர்கள்.

மேலதிகாரி எல்லா உத்தரவையும் வாய்மொழியாகவோ இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பிலோதான் சொல்கிறார். நாளை தணிக்கை வந்தால் நான்தானே மாட்டுவேன்? – மத்திய அரசு ஊழியர், சென்னை

ஆமாம், நீங்கள்தான் மாட்டுவீர்கள். மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில்தான் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது நடத்தை விதி 3. அப்படி உறுதி கேட்டு வாங்குவது கீழே இருப்பவரின் கடமை என்றும் அதே விதி சொல்கிறது. இதை யாரும் படிப்பதில்லை. சண்டை போடத் தேவையில்லை. மறுநாள் காலை கோப்பிலேயே இரண்டு வரி எழுதுங்கள்: 'நேற்று இரவு தாங்கள் வாய்மொழியாக அறிவுறுத்தியபடி இன்ன பில் அனுப்பப்படுகிறது. உறுதிசெய்ய வேண்டுகிறேன்.' கீழே தேதி. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அந்தக் குறிப்பு கோப்பில் இருக்கும். பக்க எண் போட மறக்காதீர்கள். பக்க எண் இல்லாத குறிப்பு காணாமல்போவதை எத்தனையோ விசாரணைகளில் பார்த்தாயிற்று.

எங்கள் துறைச் சங்கம் என் மாறுதல் பிரச்சினையை நிர்வாகத்திடம் பேச மறுக்கிறது. 'நீங்கள் உறுப்பினரே இல்லையே' என்கிறார்கள். சந்தா கட்டினால்தான் ஊழியரா? எல்லா ஊழியருக்கும் பொதுவானதுதானே சங்கம்? – வி.எம்., கோவை

வாருங்கள் ஐயா, உங்கள் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் விதி. மத்திய அரசில் சங்கங்களுக்கு அங்கீகாரம் தருவது 1993-ம் வருட விதிகள். அங்கீகாரம் பெற்ற சங்கம் தனி ஊழியரின் பணி விவகாரத்தை எடுத்து நடத்தக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆக, நீங்கள் உறுப்பினராக இருந்திருந்தாலும் உங்கள் ஒருவரின் மாறுதலுக்காகச் சங்கம் லெட்டர்பேடில் கடிதம் போட முடியாது. செயலாளர் நேரில் போய் அதிகாரியிடம் ஒரு வார்த்தை பேசலாம். அது அவருடைய நல்ல மனசு. மாறுதல் கொள்கையையே மீறி ஒரு பிரிவினர் எல்லோரையும் தூக்கி அடித்தால் அது பொதுப் பிரச்சினை, அதைச் சங்கம் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். உங்கள் செயலாளர் இந்த விதியைச் சொல்லாமல் சந்தாவைக் காட்டித் தட்டிக்கழித்தது தப்பு. ஆனால் அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது.

ஏன் என்று கேளுங்கள். அங்கீகாரம் வேண்டுமானால் அந்தப் பிரிவு ஊழியர்களில் குறைந்தது 35 சதவீதம் பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அடுத்து நிற்கும் சங்கத்துக்கு 15 போதும். இதை எண்ணுவது கூட்டத்துக்கு வந்த தலைகளை வைத்து இல்லை, சம்பளப் பட்டியலில் பிடித்தம் ஆகும் சந்தாவை வைத்து. 'என் சம்பளத்தில் இன்ன சங்கத்துக்குப் பிடியுங்கள்' என்று ஊழியர் கையெழுத்திட்ட படிவம் சம்பளம் போடும் அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். இங்கேதான் கூத்து. ஒருவர் இரண்டு சங்கப் படிவத்திலும் 'யார் மனசும் நோகக்கூடாது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். ஒருவர் பணியாளர் எண்ணை எழுதாமல் விடுவார். ஒருவர் படிவத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்து கடைசித் தேதிக்கு மறுநாள் எடுத்து நீட்டுவார். பிடித்தம் ஒரு மாதம் வந்து அடுத்த மாதம் நின்றுபோனால் திரும்பிப் பார்க்கவும் ஆள் இருக்காது. கடைசியில் 34 சதவீதம் என்று வந்து நிற்கும். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி இல்லை.

அந்த நாற்காலி சின்ன விஷயமில்லை. 1966-ல் வந்த ஜேசிஎம் (அரசும் ஊழியர் தரப்பும் பேசும் கூட்டு ஆலோசனை அமைப்பு) ஏற்பாட்டில் தேசிய கவுன்சில், துறை கவுன்சில், அதற்குக் கீழே அலுவலக கவுன்சில் என்று மூன்று அடுக்கு. மேல் அடுக்குக்கு அமைச்சரவைச் செயலாளர்தான் தலைவர். சம்பளம் மற்றும் படிகள், வார வேலை நேரம், ஒரு பிரிவினரின் விடுப்பு ஆகிய மூன்றிலும் உடன்பாடு வராவிட்டால் நடுவர் மன்றம் வரை போகலாம். அங்கீகாரம் இல்லாத சங்கம் வாசலில் நின்று கோஷம்தான் போட முடியும். ரயில்வேயில் இந்தச் செக்-ஆஃப் (சந்தாப் பிடித்தத்தை வைத்து எண்ணும்) தலைவலி இல்லை. அங்கே 2007, 2013, 2024 என ரகசிய வாக்கெடுப்பு. வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார்கள். மற்ற துறைகளுக்கும் அது வர வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாதம் பிடிப்பது ஒரு டீ, வடைக் காசு. அதைக் கொடுக்க மனமில்லாதவர்தான் மாறுதல் உத்தரவு வந்த அன்று ராத்திரி செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். வி.எம். அவர்களே, மாறுதலுக்கு நீங்களே உரிய வழியாக மனு கொடுங்கள். நகலில் ஒப்புகை வாங்குங்கள். கையோடு படிவத்திலும் ஒரு கையெழுத்துப் போடுங்கள், ஒரே ஒரு படிவத்தில்.

ஒருநாள் அடையாள வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் ஒருநாள் சம்பளம்தானே போகும்? – புதிதாகச் சேர்ந்தவர், சேலம்

பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது என்பதற்காக அதோடுதான் முடியும் என்று நினைக்காதீர்கள். மத்திய ஊழியருக்கு நடத்தை விதி 7 தடை செய்கிறது. அடிப்படை விதி 17-ஏ பணிமுறிவு (சர்வீஸ் தொடர்ச்சி அறுவது) வரை போகிறது. நம் மாநிலத்தில் 2003 ஜூலை நினைவில்லாத வயது உங்களுக்கு. டெஸ்மாவில் (தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம்) சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, தார்மீகப்படியும் இல்லை என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே வந்தார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் என் உடன்பாடு உங்கள் வேலையைக் காப்பாற்றாது. கலந்துகொள்வது உங்கள் முடிவு, தெரிந்து எடுங்கள்.

உணவு இடைவேளையில் கறுப்பு பேட்ஜ் அணிந்து ஆர்ப்பாட்டம் நடத்தலாமா?

வேலை நேரத்துக்கு வெளியே, அமைதியாக என்றால் தாராளமாக. ஆர்ப்பாட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தடுத்த விதியை 1962-லேயே, காமேஷ்வர் பிரசாத் வழக்கில் தள்ளிவிட்டார்கள்.

மகப்பேறு விடுப்பு ஆறு மாதமா, ஒரு வருடமா? உடனே பதில் தேவை. – (பெயர், துறை, ஊர் எதுவும் இல்லை)

மத்திய அரசு என்றால் 180 நாள். தமிழக அரசு என்றால் 2021 ஜூலை முதல் 12 மாதம். நீங்கள் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

17(பி) (பெரிய தண்டனைக்கான) சார்ஜ் மெமோவை வாங்க மறுத்துவிட்டேன். வாங்காவிட்டால் விசாரணை நடத்த முடியாதாமே? – டி.என்., விழுப்புரம்

யார் சொன்னது? மறுத்ததாகச் சாட்சி வைத்து எழுதிக்கொண்டு, நீங்கள் இல்லாமலே விசாரணையை முடித்துவிடுவார்கள். நாளைக்கே போய் வாங்குங்கள். வாங்கும்போது 'பெற்றுக்கொண்டேன்' என்பதற்குக் கீழே தேதியை நீங்களே எழுதுங்கள், பதில் தரும் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். பதில் எழுதும் முன் அவர்கள் நம்பியிருக்கும் ஆவணங்களின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். விதி தெரிந்த சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். வீர வசனம் எழுதாதீர்கள். குற்றச்சாட்டு ஒன்று, பதில் ஒன்று, அவ்வளவுதான்.

பிரிவு அதிகாரி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்க நினைக்கிறேன். சங்கத் தலைவர் 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்கிறார். – பெயர் வேண்டாம்

அவர் வேலை அதுவல்ல. 2013 சட்டப்படி உள்ளகப் புகார் குழுவிடம் நேராகக் கொடுங்கள், மூன்று மாதத்துக்குள். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டும்தான், அதிலும் பணம் கைமாறக் கூடாது. தலைவர் வற்புறுத்தினால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

என்னை முந்திப் பதவி உயர்வு பெற்றவரின் ரகசியக் குறிப்பை (மேலதிகாரி எழுதும் வருடாந்திர மதிப்பீடு) ஆர்டிஐயில் வாங்கலாமா? – எஸ்.ஜி., நாகர்கோவில்

பெரும்பாலும் கிடைக்காது. மற்றவருடைய பணி ஆவணம் தனிப்பட்ட தகவல் என்று 2012-ல் தீர்ப்பு இருக்கிறது. உங்களுடைய குறிப்பைக் கேளுங்கள். ஒவ்வொரு வருடக் குறிப்பையும் உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008-ல் தேவ் தத் வழக்கில் சொல்லியாகிவிட்டது. தெரிவிக்காமல் விட்ட வருடம் ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், இந்தத் தடவை துறையின் பெயரோடு.