டேப்பெட் கவர் பேக்கிங்கில் ஆயில் கசிகிறது, வீட்டிலேயே மாற்ற முடியுமா?

தாராளமாக முடியும். டேப்பெட் கவர் என்பது இன்ஜின் மேலே இருக்கும் மூடி, பேக்கிங் என்பது அதன் விளிம்பில் ஆயில் கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர். மெக்கானிக் "இன்ஜினை இறக்கணும் சார்" என்று பயம் காட்டியிருப்பார், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். இதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதே இல்லை.

என்னுடையது கே10 இன்ஜின் போட்ட பழைய வேகன் ஆர். சிக்னலில் நின்றால் உள்ளே கருகல் வாடை வரும். கசிந்த ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) பட்டு எரிவதுதான். மேடு ஏறும்போது மிஸ்ஸிங் வேறு, அதாவது இன்ஜின் விட்டுவிட்டு ஓடும். நடு சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை உருவினால் ரப்பர் பூட் முழுக்க ஆயில் சொட்டுகிறது. இந்த இன்ஜினில் பிளக் குழிகள் கவர் வழியாகத்தான் இறங்குகின்றன. ஆகவே சுற்றுப் பேக்கிங்கோடு மூன்று சிலிண்டரின் பிளக் குழிகளுக்கான ரிங்கையும் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கடைக்காரர் தர மாட்டார்.

கவரைத் திறந்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முன்பு இந்த வண்டியில் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் "புது பேக்கிங்" என்று பில் போட்டுவிட்டு, பழைய ரப்பர் மேலேயே சிலிகான் பேஸ்ட்டை அப்பி மூடியிருக்கிறார்கள். அந்த ரப்பரை லேசாக வளைத்தேன், படக்கென்று ஒடிந்தது. உள்பக்கம் பிதுங்கி நின்ற சிலிகான் பிய்ந்து விழுந்தால் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும், இன்ஜினே போய்விடும்.

"அப்ப பேஸ்ட்டே வேண்டாமா?" என்று கமெண்டில் சண்டைக்கு வருவார்கள். வேண்டும்தான். டைமிங் செயினை மூடும் கவரும், சிலிண்டர்களுக்கு மேலே உட்காரும் ஹெட்டும் சேரும் இரண்டு இடங்களில் மட்டும், ஒரு பொட்டு.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். மேலே உள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் திறங்கள். ஹெட் அலுமினியம், ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள். போல்ட்டுகளை 10-ஆம் நம்பர் சாக்கெட்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். சிறிய கார்களுக்கு முறுக்கும் விசை 10 நியூட்டன் மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். பலத்தைக் காட்டினால் பேக்கிங் நசுங்கி மறுபடி கசியும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது பேக்கிங்கும் நிற்காது.

நான் மெக்கானிக் இல்லை, என் சொந்த வண்டியில் செய்ததைத்தான் சொல்கிறேன். வாரண்டி உள்ள வண்டி என்றால் கை வைக்காதீர்கள்.

எனக்கு வேலையை விடப் பெரிய தலைவலி அபார்ட்மெண்ட் செகரட்டரி. அட்டை விரித்து, ஒரு சொட்டு சிந்தாமல் முடித்தேன். அதற்கே "பார்க்கிங்கில் ஸ்பேனர் எடுக்கக் கூடாது" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அவர் கார் தினமும் போர் தண்ணீரில் குளிக்கிறது, அது யார் கண்ணுக்கும் தெரியாது. மெயின்டனன்ஸ் மட்டும் எல்லோருக்கும் ஒரே தொகை. அடுத்த மாதம் ஆயில் மாற்ற வேண்டும். சென்னையில் ஒரு நாள் வாடகைக்கு ஷெட் தருபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.