வீட்டு வளவில் முதல் பூ பூத்த நாளை எழுதி வைப்பதால் என்ன பயன்?

அக்கரைப்பற்றில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வளவில் மல்லிகை, செவ்வரத்தை, பவளமல்லிகை, வேலியில் ஒரு கார்த்திகைப்பூக் கொடி எல்லாம் நிற்கின்றன. பனியும் வசந்தமும் இல்லாத நம் பக்கத்தில் முதல் பூவின் திகதியை எழுதி வைப்பதில் அர்த்தம் உண்டா, உண்டென்றால் எப்படி எழுதுவது என்பது உங்கள் கேள்வி.

அர்த்தம் உண்டு. ஆனால் திகதியை மட்டும் எழுதினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அதற்கு முன் பெய்த மழையையும் சேர்த்து எழுத வேண்டும். மட்டக்களப்புக்கு அருகே ஆரையம்பதியில் எங்கள் வளவில் பல வருஷமாக இதைச் செய்து வருகிறேன். முதல் மூன்று வருஷம் வெறும் திகதிகளாகவே எழுதினேன். பிறகு எடுத்துப் பார்த்தால், ஒரு வருஷம் முந்திப் பூத்தது, மறு வருஷம் பிந்திப் பூத்தது என்று மட்டும் தெரிந்தது. ஏன் என்று சொல்ல அந்தக் கொப்பியில் ஒரு சொல் இல்லை.

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் ரொபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் இப்படி எழுதத் தொடங்கினார். அவருக்குப் பிறகும் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக 1958 வரை எழுதியது. ஜப்பானின் கியோத்தோ நகரத்துச் செரிப் பூக்களைப் பற்றிய குறிப்புகள் 812ஆம் ஆண்டு வரை பின்னுக்குப் போகின்றன. 2021இல் மார்ச் 26 அன்று அவை முழுதாகப் பூத்தன. அதுவரை இருந்த குறிப்புகளில் ஆக முந்திய நாள் அதுதான். அந்த நாடுகளில் குளிர் விட்டுச் சூடு ஏற ஏற மொட்டு விரியும் என்பதால், பூத்த திகதியே அந்த வருஷத்தின் சூட்டைச் சொல்லிவிடும்.

நமக்கு வெயில் வருஷம் முழுக்க இருக்கிறது. மட்டக்களப்பில் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது. இங்கே செடிக்குக் காலம் சொல்வது தண்ணீர்தான். மழை ஓய்ந்து, கச்சான் காற்று எழும்பி, ஆனி ஆடியில் மணல் கால் வைக்க முடியாமல் கொதித்து, ஐப்பசி கடைசியில் மாரி பிடிக்கும் வரை அது காத்திருக்கிறது. கொன்றை போன்ற சில, வறட்சியில் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும். மழை லில்லி போன்றவை நனைந்த பிறகுதான் பூக்கும். எதுவானாலும் பூவுக்கு முன் எத்தனை நாள் காய்ந்தது, எப்போது நனைந்தது என்பதுதான் பதிவின் உயிர்.

எங்கள் அம்மம்மா ஒன்றும் எழுதவில்லை, ஆனால் கணக்கு வைத்திருந்தா. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்க முந்தி மல்லிகை மொட்டு வைத்துவிட்டதா என்று பார்ப்பா. "இந்த வருஷம் அம்மனுக்கு முந்திட்டு புள்ள" என்று அவ சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. ஆனால் சடங்கு பூரணையை ஒட்டி வருவதால் வருஷத்துக்கு வருஷம் திகதி மாறும். பூ முந்தியதா, பூரணை பிந்தியதா என்று அவவின் கணக்கில் இருந்து பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே கலண்டர் திகதியை எழுதுங்கள், தமிழ் மாதத்தைப் பக்கத்தில் போடுங்கள். இரண்டும் வேண்டும்.

இனி எதை எழுதுவது. செவ்வரத்தையை விட்டுவிடுங்கள். வருஷம் முழுக்கப் பூக்கிற செடிக்கு முதல் பூ என்று ஒன்று கிடையாது. மல்லிகையில் கவனம் வேண்டும். கொப்பு வெட்டி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நாளில் மொட்டு வைக்கும். அப்போது நீங்கள் எழுதுவது பருவத்தின் திகதி இல்லை, நீங்கள் கத்தி வைத்த திகதி. வெட்டாமல், தண்ணீர் ஊற்றாமல் வேலி ஓரத்தில் விட்ட ஒரு செடி இருந்தால் அதையே எடுங்கள். ஒவ்வொரு வருஷமும் அதே செடியாக இருக்க வேண்டும். மழை லில்லி ஒரு பாத்தியில் இருந்து நாலு பாத்தியாகப் பெருகிய வருஷம் எங்களுக்கு முதல் பூ முந்தி வந்தது. காலம் மாறிவிட்டது என்று நினைத்தேன். கிழங்கு கூடக் கூட, அவற்றில் ஏதாவது ஒன்று முந்திப் பூக்கிற வாய்ப்பும் கூடும், அவ்வளவுதான். அதன் பிறகு பழைய பாத்தியை மட்டும் நாலு கல் வைத்து அடையாளம் பண்ணிவிட்டேன்.

பவளமல்லிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் நான் நிறையப் பிழை விட்டேன். அது பொழுது பட்ட பிறகு விரிந்து விடியும்போது உதிரும். எங்கள் மரம் கிணற்றடியில் நிற்கிறது. விடிய எழும்பி வாளியோடு போகும்போது, ஈர மணலில் வெள்ளை இதழ் குப்புறக் கிடக்கும், செம்மஞ்சள் காம்பு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கண்ட காலையை எழுதினேன். ஆனால் அந்தப் பூ விரிந்தது முதல் நாள் இரவு. சில வருஷம் நான் ஏழு மணிக்குப் போக முன்னமே வாசல் கூட்டிவிட்டார்கள், முதல் பூ குப்பையோடு போய்விட்டது. இப்போது மழைக்காலம் தொடங்கினால் கிணற்றடியை நான் பார்த்த பிறகுதான் கூட்டுவோம். கொப்பியில் இப்படி எழுதுவேன்:

"ஒக்டோபர் 19, ஐப்பசி. காலை 6.00. கிணற்றடிப் பவளமல்லிகை. நிலத்தில் மூன்று பூ. இரவு 18 என்று கணக்கு. 17 காலை பார்த்தேன், இல்லை. 18 காலை பார்த்தேன், இல்லை. கடைசி நல்ல மழை 9ஆம் திகதி."

அந்த "இல்லை"கள்தான் முக்கியம். ஒரு கிழமை ஊரில் இல்லாமல் திரும்பி வந்து பூவைக் கண்டால், அது நீங்கள் முதலில் கண்ட நாள், பூத்த நாள் அல்ல. முதல் நாளும் பார்த்து இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் அந்தத் திகதியை நம்பலாம். இந்தியாவில் 2010 முதல் நடக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகளும் மற்றவர்களும் தெரிந்தெடுத்த மரத்தைக் கிழமைக்கு ஒரு தரம் பார்த்து, பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதிகிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை கேரளத்தில் பல இடங்களில் முந்திப் பூக்கிறது என்பதை அந்தப் பதிவுகளைக் கொண்டுதான் பேச முடிகிறது.

மழையை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. அடியில் இருந்து வாய் வரை ஒரே அகலமான தகரப் பேணி ஒன்றை வெளியான இடத்தில் வைத்து, காலையில் அடிமட்டம் விட்டுப் பாருங்கள். நின்ற தண்ணீரின் உயரம்தான் மில்லிமீற்றர் கணக்கு. வாய் ஒடுங்கிய போத்தல் சரிவராது. என் மாமி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறா. அங்கே களிமண், இங்கே மணல். ஒரே கிழமையில் நான் லில்லிப் பூவின் படத்தை அனுப்ப, "இஞ்ச இன்னும் மொட்டே வைக்கல்ல கா" என்று பதில் வரும். முதலில் மண்தான் காரணம் என்று இரண்டு பேரும் முடிவு கட்டினோம். மாமியும் பேணி வைத்த பிறகு பார்த்தால், எங்களுக்குக் கொட்டிய இரண்டு மழை அந்தக் கரைக்குப் போகவே இல்லை.

எழுதுவது பென்சிலால் இருக்கட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் என் சி.ஆர். கொப்பி அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது. ஜெல் பேனையால் எழுதியதெல்லாம் நீலக் கறையாகிவிட்டது. பேனை தீர்ந்து பென்சிலால் எழுதிய ஐந்து பக்கம் மட்டும் காய்ந்த பிறகு வாசிக்கும்படி இருந்தது. இப்போது வருஷ முடிவில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து மாமிக்கு அனுப்பிவிடுகிறேன்.

உங்களிடம் இருப்பவற்றில் நான் முதலில் எடுப்பது அந்தக் கார்த்திகைப்பூக் கொடியைத்தான். அதற்குத் தெளிவான உறக்கம் உண்டு. கோடையில் கொடி முழுதும் காய்ந்து மறைந்து, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். மாரிக்கு முளை வரும், இலை நுனி சுருண்டு வேலிக் கம்பியைப் பிடிக்கும், பச்சை மொட்டு தலை குனிந்து தொங்கும். ஆறு இதழும் பின்னால் மடிந்து, ஆறு மகரந்தத் தண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்கிற முதல் காலையை எழுதுங்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள். மஞ்சளும் பச்சையுமாக விரிந்து பிறகுதான் சிவக்கும், சிவக்கும் வரை காத்திருந்தால் நாள் தவறிவிடும். முளை வந்த நாளையும் எழுதினால் இன்னும் நல்லது.

கிழங்கு கடும் நஞ்சு, பிள்ளைகள் தோண்ட விடாதீர்கள். எங்கள் முதல் கொடி கோடையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தபோது, வேலி அடைக்க வந்தவர் அறியாமல் மண்வெட்டியால் வெட்டிவிட்டார், நாலு வருஷத் தொடர்ச்சி அதோடு அறுந்தது. உங்கள் கொடி காய முன்னமே அதன் அடியில் ஒரு பூவரசங் கம்பை நட்டு, சிவப்புத் துணி ஒன்று கட்டி வையுங்கள்.